மூணு தடவை வீல் பேலன்சிங் பண்ணியாச்சு, ஷாஃப்ட்ட மட்டும் யாரும் பாக்கல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உங்க வாகனப் பக்கத்துல போன வாரம் வண்டி ஆடினா முதல்ல வீல் பேலன்சிங், அதாவது சக்கரத்தோட வெயிட் சுத்தியும் சமமா இருக்கான்னு பாருங்கன்னு ஒரு குறிப்பு வந்திருந்துச்சு. தப்புன்னு சொல்ல வரல, ஆனா அதே வார்த்தைய ஒரு கடைல கேட்டு நம்பித்தான் நான் மூணு தடவை பேலன்சிங் பண்ணேன், ஒரு தடவை சக்கரம் நேரா நிக்குதான்னு பாக்குற அலைன்மென்ட் பண்ணேன், அப்புறம் முன் டயர் ரெண்டையும் புதுசா மாத்தினேன், அப்பவும் ஆட்டம் போட்டது போட்டபடி இருந்துச்சு. கடைசில பாத்தா டயர்ல ஒண்ணுமே இல்ல, கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட்டோட உள்பக்க ஜாயிண்ட் தேஞ்சு போயிருக்கு. என்ன மாதிரி இன்னொருத்தர் அலையக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன், நீளமா போயிடுச்சுன்னா வெட்டிக்கோங்க.

எனக்கு ஆத்திரம் எதுல தெரியுமா, முதல் நாளே நான் அந்தக் கடைல தெளிவா சொன்னேன், ஆக்சிலரேட்டர மிதிச்சா ஆடுது, கால எடுத்தா நின்னுடுதுன்னு. கேக்கவே இல்ல. வீட்ல சார் இருந்தா அனுப்புங்க மேடம்னாங்க. வண்டி ஓட்டுறது நான், ஆட்டம் உட்காருற எடத்துல தெரியுறது எனக்கு, சார் வந்து என்ன சொல்லப்போறாரு? நான் சொன்ன அந்த ஒரு வரியிலயே பதில் இருந்துச்சு. சக்கரத்துல வெயிட் ஒரு பக்கமா ஏறியிருந்தா அந்தச் சக்கரத்துக்கு நீங்க மிதிக்கிறீங்களா விடுறீங்களான்னு தெரியாது, அதுக்கு ஸ்பீடு மட்டும்தான் தெரியும், ஒரு குறிப்பிட்ட ஸ்பீடு வந்தா ஆடும், கால எடுத்தாலும் அந்த ஸ்பீடு இருக்குற வரைக்கும் ஆடிட்டேதான் இருக்கும். மிதிச்சா மட்டும் ஆடுது, அதுவும் மேட்டுல ஏறும்போது இன்னும் ஜாஸ்தின்னா, இழுவை எந்த வழியா போகுதோ அங்கதான் கோளாறு. அதாவது ஷாஃப்ட்டு, அதோட ஜாயிண்ட்டு, இல்லன்னா இஞ்சின தாங்கிப் பிடிக்குற மவுன்ட்.

முன் சக்கரம் இழுக்குற கார்ல கியர்பாக்ஸ்ல இருந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட் போகுது, நிறைய பேரு ஆக்சில்னே சொல்வாங்க. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் ரெண்டு முனையிலயும் ஜாயிண்ட். சக்கரத்துப் பக்கம் இருக்குற வெளி ஜாயிண்ட் ஸ்டீயரிங் திருப்பும்போது கூடவே மடங்கணும், கியர்பாக்ஸ் பக்கம் இருக்குற உள் ஜாயிண்ட் வண்டி பள்ளத்துல இறங்கி ஏறும்போது உள்ளயும் வெளியயும் நகந்து குடுக்கணும். வெளி ஜாயிண்ட்ல பெரும்பாலும் 6 குண்டு இருக்கும், 1920கள்ல ஆல்ஃபிரட் ரெசெப்பாங்கறவர் கண்டுபிடிச்ச அமைப்பு, இன்னிக்கும் அவர் பேர்லயேதான் ஓடிட்டிருக்கு. 1959ல வந்த மினி கார்ல இந்த மாதிரி ஜாயிண்ட்ட போட்டதுக்கு அப்புறம்தான் முன் சக்கர இழுவை சின்ன கார்ல சகஜமாச்சு. உள் ஜாயிண்ட்ல நிறைய வண்டில மூணு ரோலர் இருக்கும், மூணு பள்ளத்துல ஓடும்.

என் வண்டில போனது இந்த மூணு ரோலர் ஜாயிண்ட்தான். ரெண்டாவதா போன கடைல இருந்த மெக்கானிக் அண்ணன் கழட்டி, கிரீஸ் எல்லாம் துடைச்சுட்டு, விரல வச்சுப் பாருங்கன்னு என் கைல குடுத்தாரு. பாக்குறதுக்கு பளபளன்னுதான் இருந்துச்சு, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, ஆனா பள்ளத்துக்குள்ள நகத்த வச்சு இழுத்தா ஒரு எடத்துல டக்குன்னு தட்டுது, சின்னதா ஒரு குழி. ரோலர் எப்பவும் நிக்கிற எடத்துலயே அடிச்சு அடிச்சு விழுந்த குழி. இழுவை கூடும்போது ரோலர் அந்தக் குழியில மாட்டி மாட்டி வெளிய வரும், ஒரு சுத்துக்கு மூணு தடவை, அதுதான் சீட்டுல உலுக்குற மாதிரி தெரிஞ்சுது. இந்தக் குழிய பேலன்சிங் மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? சக்கரத்த கழட்டி மெஷின்ல மாட்டினா ஷாஃப்ட்டு வண்டிலயேதானே இருக்கு.

வெளி ஜாயிண்ட் போனா கதை வேற, அது ஆடாது, பேசும். ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா கிளம்பும்போது டிக் டிக் டிக்னு ஒரு சத்தம், ஸ்பீடு கூடினா சத்தமும் சேந்து வேகமா வரும், நேரா போனா நின்னுடும். ஆரம்பத்துல யூ டர்ன்ல மட்டும் கேக்கும், அப்புறம் சாதாரண திருப்பத்துலயே கேக்கும், கடைசில நேரா போகும்போதும் கேக்கும், அதுக்கு மேல தள்ளிப்போடக் கூடாது. ஆளில்லாத எடமா பாத்து ஜன்னல இறக்கிவிட்டு, பாட்ட நிறுத்திட்டு, ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு, அதாவது ஃபுல் லாக்ல, இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம், அப்புறம் ரிவர்ஸ்லயும் ஒவ்வொரு வட்டம் போட்டுப் பாருங்க. இடது பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தா பெரும்பாலும் வலது பக்க ஜாயிண்ட், வலது பக்கம் திரும்பினா இடது பக்கம், ஏன்னா திருப்பத்துல வெளிப்பக்கச் சக்கரத்துமேலதான் பாரம் ஏறுது. ஆனா இத வச்சே பார்ட்ஸ் வாங்கிடாதீங்க, சத்தம் இரும்பு வழியா ஓடி எங்கெங்கயோ கேக்கும், ஒருத்தர் வெளிய நின்னு கேட்டா இன்னும் தெளிவா சொல்லிடலாம்.

இதுக்கெல்லாம் முன்னாடியே ஒரு அறிகுறி இருக்கு, அதத்தான் நான் முக்கியமா சொல்லணும்னு நினைச்சேன். ஜாயிண்ட்டச் சுத்தி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்கும், பூட்னு சொல்வாங்க. அதுக்குள்ளதான் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் அடைச்சிருக்கும். ஜாயிண்ட்டு தானா சாகுறது கம்மி, பெரும்பாலும் இந்த உறை கிழிஞ்சுதான் சாகுது. மடிப்போட உள்பக்கத்துல ரப்பர் காஞ்சு வெடிக்கும், வெளிய இருந்து பாத்தா தெரியாது, சக்கரம் ஒடிச்சு மடிப்பு விரிஞ்சாதான் தெரியும். இல்லன்னா கிளாம்ப் லூசாகி அந்த ஓரமா கசியும். கிழிஞ்சதும் ஷாஃப்ட்டு சுத்துற வேகத்துல கிரீஸ் வெளிய அடிச்சிடும், அந்த வழியாவே தண்ணியும் மண்ணும் உள்ள போயிடும், அப்புறம் உள்ள இருக்குறது கிரீஸ் இல்ல, அரைக்குற பேஸ்ட்டு. அதனால ரிம்மோட உள்பக்கம், சக்கரத்த கீழ இருந்து பிடிச்சிருக்குற லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் பக்கமெல்லாம் கறுப்பா தெறிச்சு வரி வரியா கோலம் போட்ட மாதிரி இருந்தா அது ரோட்டு தார் இல்ல. விரல்ல தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும், சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. பிரேக் ஆயிலா இருந்தா தண்ணி மாதிரி ஓடும், இது அப்படியே அப்பிட்டு நிக்கும்.

சத்தம் வர்றதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டீங்கன்னா ஜாயிண்ட்ட கழுவி, குண்டும் பள்ளமும் நல்லா இருக்கான்னு பாத்துட்டு, உறையும் கிரீஸும் கிளாம்ப்பும் மட்டும் மாத்தினா போதும், செலவும் கம்மி. சத்தம் வந்துட்டா அந்த வேலை வீண். புது கிரீஸ் போட்டா ஒரு வாரம் பத்து நாள் வாய மூடிட்டு இருக்கும், தேஞ்ச இரும்பு திரும்ப வளராது. சிலர் கிரீஸ் மாத்திக் குடுத்துட்டு சரியாப் போச்சுன்னு அனுப்பிடுவாங்க, அவங்க பொய் சொல்லல, அன்னிக்கு சரியாத்தான் இருக்கும். அப்புறம் எந்த கிரீஸ்னாலும் கிரீஸ்தானேன்னு சக்கரத்த தாங்கி சுத்த விடுற வீல் பேரிங்குக்கு போடுறத அடைக்கக் கூடாது, ஜாயிண்ட்டுக்குன்னு தனி கிரீஸ் இருக்கு, எவ்வளவு போடணும்னு அளவும் இருக்கு.

பின் சக்கரம் இழுக்குற வண்டி வச்சிருக்கவங்களுக்கு கொஞ்சம் வேற. அங்க வண்டிக்கு அடியில நீளமா ஒரு குழாய் போகும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அதுல இருக்குறது கிராஸ் ஜாயிண்ட், கூட்டல் குறி மாதிரி இருக்குமே அதுதான், நாலு முனையிலயும் தொப்பி, தொப்பிக்குள்ள ஊசி ஊசியா பேரிங். எங்க தம்பியோட வேன்ல கிளம்பும்போது கீழ இருந்து கீச் கீச்னு குருவி கத்துற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச விட்டா டங்னு ஒண்ணு, ரிவர்ஸ் போட்டா திரும்ப டங்னு ஒண்ணு. குனிஞ்சு பாத்தா ஒரு தொப்பிய சுத்தி மட்டும் செம்மண் பூசின மாதிரி சிவப்பா தூள். உள்ள கிரீஸ் காஞ்சு ஊசி பேரிங் துருப்பிடிச்சு மாவா வெளிய வருது. வண்டிய ஆஃப் பண்ணி, சக்கரத்துக்கு கட்டை வச்சு, நியூட்ரல்ல போட்டு, ஷாஃப்ட்ட கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டி, ரெண்டு பக்கமும் திருகிப் பாருங்க. கிராஸ்ல ஆட்டமே இருக்கக் கூடாது. ஷாஃப்ட்டு மொத்தமா லேசா திரும்புறது பின் ஆக்சில் கியரோட பல்லுக்கு நடுவுல இருக்குற இடைவெளி, க்ரவுன் பினியன் இடைவெளின்னு சொல்வாங்க, அது கொஞ்சம் இருக்கும், கிராஸ் ரெண்டு பக்கமும் சேந்து திரும்புதா, இல்ல ஒரு பக்கம் திரும்பி மறு பக்கம் லேட்டா வருதான்னுதான் பாக்கணும். நீள ஷாஃப்ட்டுன்னா நடுவுல சென்டர் பேரிங் ஒண்ணு ரப்பர்ல தொங்கும், அந்த ரப்பர் கிழிஞ்சாலும் கிளம்பும்போது தடதடன்னு வரும்.

இந்த ஷாஃப்ட்டோட ஆட்டம் தெரியுற விதமே வேற. கணக்கு போட்டுப் பாருங்க, 80 கிலோமீட்டர் ஸ்பீடுல ஒரு சாதாரண கார் சக்கரம் செகண்டுக்கு சுமாரா 12 சுத்து சுத்தும். பின் ஆக்சில்ல 4க்கு 1னு கியர் இருந்தா, அதாவது ஷாஃப்ட் 4 சுத்து சுத்தினா சக்கரம் 1 சுத்துன்னா, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதே நேரத்துல 48 சுத்து சுத்தும். அதனால சக்கரம் கெட்டா தடக் தடக்னு உலுக்கும், ஷாஃப்ட்டு பேலன்ஸ் போனா டர்ர்ர்னு பொடி அதிர்வா வரும், சீட்டுலயும் தரையிலயும் காலுக்கு தெரியும், கண்ணாடில பாத்தா பின்னாடி வர்ற வண்டி மங்கலா தெரியும். அதே ஸ்பீடுல கியர ஒண்ணு குறைச்சுப் பாருங்க, இஞ்சின் வேகம் மாறியும் அதிர்வு மாறலன்னா இஞ்சின் மேல தப்பில்ல. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், அந்தக் குழாய்ல சின்னதா ஒரு தகடு வெல்டு பண்ணி ஒட்டியிருக்கும், அது பேலன்ஸ் வெயிட்டு, அது விழுந்தாலும் அதிர்வுதான், கல்லு பட்டு நசுங்கினாலும் அதிர்வுதான், சேத்துல போயிட்டு வந்து மண்ணு அப்பிக் காஞ்சிருந்தாலும் அதிர்வுதான். அடியில தண்ணி அடிச்சு கழுவினதுக்கே சரியான வண்டி உண்டு, முதல்ல அதப் பாருங்க.

இதோட குழப்பிக்கிறது இன்னும் ஒண்ணு, வீல் பேரிங். அது உஉஉம்னு விமானம் தூரத்துல போற மாதிரி ஒரே சீரா கத்தும், மிதிச்சாலும் விட்டாலும் மாறாது, வண்டிய லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைச்சா கூடும் குறையும். டிக் டிக் வேற, உஉஉம் வேற.

சரி, கடைக்கு வர்றேன். நல்ல கடைய எப்படி கண்டுபிடிக்குறதுன்னு என்ன நிறைய பேரு கேக்குறாங்க, போர்டையும் ஏசி ரூமையும் பாத்து கண்டுபிடிக்க முடியாது. நான் இப்ப ஒண்ணுதான் பாக்குறேன், பார்ட்ஸ் பேர சொல்றதுக்கு முன்னாடி என்கூட வண்டில உக்காந்து ஒரு ரவுண்டு வர்றாரா இல்லையா. சத்தம் ஓடும்போதுதான் வருது, நின்ன வண்டிய பாத்துட்டே ரெண்டு பக்க ஆக்சிலும் மாத்தணும்னு சொன்னா அந்த எடத்துலயே சாவிய வாங்கிட்டு வந்துடலாம். ரெண்டாவது கடை அண்ணன் ஓட்டவே இல்ல, நீங்களே ஓட்டுங்க, எப்ப வருதோ அப்ப கைய தூக்குங்கன்னாரு, நான் கைய தூக்கினப்பல்லாம் கால எடுங்க, இப்ப மிதிங்க, இப்ப கியர மாத்துங்கன்னு சொல்லிட்டே வந்தாரு. அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் வண்டிய லிஃப்ட்ல ஏத்தி என்னையும் கீழ கூட்டிட்டு போயி ஷாஃப்ட்ட பிடிச்சு ஆட்டிக் காமிச்சாரு, ஒரு பக்கம் சும்மா இருக்கு, மறு பக்கம் உள் ஜாயிண்ட்ல லொட லொடன்னுது. ஒரு பக்கம்தான் போயிருக்கு, அத மட்டும் பாத்தா போதும், மறு பக்க பூட் நல்லா இருக்குன்னு அவரே சொன்னாரு.

வேலைய குடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேள்வி கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஜாயிண்ட் மட்டும் மாத்துறீங்களா, முழு ஷாஃப்ட்டா, புதுசா, பழசுல சரி பண்ணதா, எந்த கம்பெனி, வாரண்டி எழுத்துல குடுப்பீங்களா, கழட்டின பழச எனக்கு குடுப்பீங்களா. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் இருக்குற நிறைய வண்டில வெளி ஜாயிண்ட்மேலயே பல் சக்கரம் மாதிரி ஒரு ரிங் இருக்கும், அத வச்சுத்தான் சென்சார் சக்கர வேகத்த எண்ணும், புதுசுல அந்த ரிங் இருக்கா, பல்லு எண்ணிக்கை சரியான்னு பாத்துத்தான் வாங்கணும், இல்லன்னா வேலை முடிஞ்சு வெளிய வந்ததும் டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட்டு எரியும், அப்புறம் சென்சார் போச்சுன்னு அதுக்கு வேற பில்லு போடுவாங்க. ஷாஃப்ட்ட கியர்பாக்ஸ்ல இருந்து இழுத்தா நிறைய வண்டில ஆயில் கொட்டும், அங்க ஆயில் சீல் புதுசா போடுறது நல்லது, கொட்டின ஆயில அளந்து திரும்ப ஊத்தணும். ஊத்த மறந்து கியர்பாக்ஸே போன கதையெல்லாம் இருக்கு.

ஹப் நட்டுன்னு சக்கரத்துக்கு நடுவுல பெருசா ஒரு நட்டு, பல கார்ல 200 நியூட்டன் மீட்டர் பக்கம், சிலதுல அதுக்கும் மேல டைட் பண்ணணும். அத எவ்வளவு டைட்டுன்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் வச்சு பண்றாங்களா, இல்ல ஏர் கன்ன வச்சு டர்ருன்னு விட்டுட்டு போதும்கறாங்களான்னு பாருங்க. லூசா இருந்தா வீல் பேரிங் கெடும், கிளம்பும்போது டக்குன்னு சத்தமும் வரும், புது ஜாயிண்ட்டே போச்சோன்னு நினைப்பீங்க. நிறைய வண்டில அந்த நட்ட ஒரு தடவைதான் போடலாம், புதுசு போடணும்னு கம்பெனி புக்லயே இருக்கும். கழட்டும்போது ஷாஃப்ட்டு வரலன்னு அதோட மரை முனைலயே சுத்தியால அடிக்குற ஆள பாத்தா எனக்கு நெஞ்சு பகீர்ங்குது.

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு இன்னும் ஜாக்கிரதை. கழட்டுறதுக்கு முன்னாடி சாக்பீஸ்லயோ பெயின்ட்லயோ ரெண்டு பக்கமும் சேத்து ஒரு கோடு போடணும், மாட்டும்போது அந்தக் கோடு சேரணும். ஏன்னா ஒத்தை கிராஸ் ஜாயிண்ட் மடங்கி சுத்தும்போது ஒரே வேகத்துல சுத்தாது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும், மறு முனையில இருக்குற கிராஸ் அத அப்படியே எதிர்ல சரிபண்ணிடும், அதுக்கு ரெண்டு முனையும் ஒரே நேர்ல நிக்கணும். ஷாஃப்ட்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற பல்லு வரிசைல, ஸ்ப்லைன்னு சொல்வாங்க, ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் இந்தக் கணக்கு கெடும், பேலன்ஸும் கெடும். தம்பி வேன்ல அப்படித்தான் ஆச்சு, புது கிராஸ் போட்டு கீச்சு சத்தம் போச்சு, அதுவரைக்கும் இல்லாத அதிர்வு ஒண்ணு புதுசா வந்துச்சு, திரும்ப கழட்டி பழைய கோட்டுக்கு கொண்டுவந்ததும் அடங்கிடுச்சு. குழாய வெட்டி வெல்டு பண்ணணும்னா சாதாரண வெல்டிங் பட்டறையில குடுக்காதீங்க, ஷாஃப்ட்ட சுத்தவிட்டு பேலன்ஸ் பாக்குற மெஷின் இருக்குற எடத்துல குடுங்க, உங்க மெக்கானிக் கிட்ட மெஷின் இல்லன்னா எங்க அனுப்புவீங்கன்னு கேளுங்க, நல்லவருக்கு அந்த எடம் தெரிஞ்சிருக்கும்.

வீட்லயே பாக்குறேன்னு ஜாக்கில ஒரு பக்கம் தூக்கி கியர் போட்டு சக்கரத்த ஓடவிட்டு சத்தம் கேக்குற ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை, அது வேண்டாம். சக்கரம் தொங்கும்போது ஜாயிண்ட்டு ரோட்டுல மடங்குறத விட அதிகமா மடங்கி நிக்கும், அங்க சத்தம் வந்தா அது நிஜமான கோளாறாவே இருக்கணும்னு இல்ல. அதவிட, வண்டி ஜாக்கில இருந்து குதிச்சா பிடிக்க ஆளில்ல.

இன்னொன்னு, இது நிறைய பேருக்கு தெரியாது, எனக்கே அந்த அண்ணன் சொல்லித்தான் தெரியும். முன் சக்கர இழுவை ஆட்டோமேட்டிக் கார்ல ஒரு பக்க ஷாஃப்ட்டு ஒடஞ்சா, ரெண்டு சக்கரத்துக்கும் சுத்த பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியல் எல்லா சுத்தையும் ஒடஞ்ச பக்கம் அனுப்பிடும், இஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதோட பார்க்ல போட்டாலும் வண்டி நிக்காது, ஏன்னா பார்க் பிடிக்குறது கியர்பாக்ஸத்தான், கியர்பாக்ஸுக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தொடர்பே அறுந்து போச்சே, மறு பக்கச் சக்கரத்தையும் டிஃபரன்ஷியல் சுத்த விட்டுடும். சரிவுல நின்னு போனா உடனே ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கல்லு வச்சுட்டு அப்புறம் இறங்குங்க. டிக் டிக் நேர் ரோட்டுலயே கேக்க ஆரம்பிச்சும் இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்னு சொல்றவங்க இத மனசுல வச்சுக்கணும். எலக்ட்ரிக் கார் வாங்கிட்டேன், எனக்கு இது இல்லன்னும் நினைக்க வேண்டாம், இஞ்சின்தான் போச்சு, ஷாஃப்ட்டும் பூட்டும் அங்கயும் இருக்கு, மோட்டார் மிதிச்ச உடனே முழு இழுவையும் குடுக்குறதால ஜாயிண்ட்டுக்கு வேலை ஜாஸ்திதான்.

ஒரு வேண்டுகோள் சார். அடுத்த தடவை வண்டி ஆட்டத்த பத்தி போட்டா, மிதிச்சா ஆடுதா, விட்டா நிக்குதான்னு அந்த ஒரு கேள்வியையும் சேத்து போடுங்க. முடிஞ்சா கிழிஞ்ச பூட் எப்படி இருக்கும்னு ஒரு படமும் போடுங்க, நிறைய பேரு அத பாத்ததே இல்ல. என் வண்டில கழட்டின பழைய ஜாயிண்ட்ட கிரீஸ் துடைச்சு கவர்ல போட்டு வச்சிருக்கேன், குழி விழுந்த எடத்துல மார்க்கர்ல வட்டம் போட்டிருக்கேன், படம் வேணும்னா எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்க வாகனப் பக்கத்தோட வாசகி